கோயம்புத்தூர் கணக்கு வாத்தியாரும் சைட்மேப் பெட்டிகளும்



முதல்ல இப்படி ஒரு காட்சியை நினைச்சுப் பாருங்க. சுவத்துல நாலு சார்ட் பேப்பர். அதுமேல மஞ்சக் கலர்ல ஒட்டுச்சீட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு எழுதியிருக்கு: சப்மெர்சிபிள், மோனோபிளாக், ஜெட் பம்ப், ஸ்பேர், சர்வீஸ், டீலர் ஆகணுமா, நிறுவனர் வரலாறு, விருதுகள். கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியோட மீட்டிங் ரூம் இது. பேரு வேண்டாமுங்க.

அவங்க வெப்சைட்டை எங்க டீம்தான் போட்டுக் கொடுத்தது. சொல்லப்போனா ரெண்டு தடவை போட்டுக் கொடுத்தோம். முதல் தடவை சீட்டும் ஒட்டல, ஒண்ணும் ஒட்டல. அவங்க கேட்லாக்கை வாங்கினோம், அதுல இருந்த வரிசையிலேயே பக்கம் பக்கமா ஏத்திவிட்டோம். பார்க்க ஜோரா இருந்தது. ஓனரும் நல்லாருக்குன்னுட்டார். மூணு மாசம் கழிச்சு அவரே கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, சைட்டுல எல்லாமே இருக்குன்னீங்க. அப்புறம் ஏன் நாள் பூரா போன் அடிச்சுட்டே இருக்குது? அத்தனை பேரும் கேக்கறது ஒரே கேள்விதான். எழுநூறு அடி போருக்கு எந்த மோட்டார் போடறதுன்னு."

பதில் சைட்டுல இருந்துது. நாலு கிளிக் உள்ளே, கம்பெனி தன் மாடலுக்கு வச்சிருந்த சீரிஸ் பேருக்கு அடியில இருந்துது. அந்தச் சீரிஸ் பேரு ஃபேக்டரிக்குள்ள இருக்கறவங்களுக்குத் தெரியும். போர் போட்டுட்டு வாசல்ல நிக்கிற விவசாயிக்கு எப்படிங்க தெரியும்?

எதை எதுக்குக் கீழ வைக்கிறது? இன்னைக்குப் பேச்சே இந்த ஒரு கேள்வியைப் பத்தித்தான். இதுக்குப் பதில் தேடின கதை நூறு வருஷத்துக் கதை. அதுல நம்ம கோயம்புத்தூருக்கும் ஒரு இடம் இருக்கு.

ஒரு குழப்பத்தை முதல்லயே தீர்த்துடலாம். சைட்மேப்னு ரெண்டு சமாச்சாரத்தைச் சொல்றாங்க. ஒண்ணு, கூகுள் மாதிரித் தேடுபொறி படிக்கறதுக்காகச் சைட்டுக்குள்ள வைக்கிற எக்ஸ்எம்எல் ஃபைல். மனுசங்க அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னொண்ணு, சைட்டு கட்டறதுக்கு முன்னாடி போடற படம். உச்சியில முகப்புன்னு ஒரு பெட்டி, அதுக்குக் கீழ அஞ்சாறு பெட்டி, அதுக்குக் கீழ இன்னும் சில. வீடு கட்டறதுக்கு முன்னாடி எஞ்சினியர் போடற பிளான் மாதிரி. இந்தப் படத்தைத் திரையிலேயே இழுத்து, நகர்த்தி, கலர் அடிச்சு, பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு எழுதி, ஓனருக்கு ஒரு லிங்க்கா அனுப்பற மென்பொருளைத்தான் விஷுவல் சைட்மேப் டூல்னு சொல்றோம். ஸ்லிக்பிளான், ஃப்ளோமேப், குளூமேப்ஸ்னு நிறைய இருக்கு. நான் பேசப்போறது இந்த ரெண்டாவது சைட்மேப்பைத்தான்.

கதை 1920ல ஆரம்பிக்குது. கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன்னு எப்பவும் சந்தடியா இருக்கிற வட்டாரத்துல நம்ம அரசு கலைக் கல்லூரி இருக்குதில்லீங்களா, அங்க ஒரு இளவயசுக் கணக்கு வாத்தியார் பாடம் எடுத்துட்டிருந்தார். சீர்காழிக்காரர், 1892ல பிறந்தவர். மங்களூர்ல வாத்தியாரா வேலையை ஆரம்பிச்சு, இங்க வந்து, அடுத்து மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜுக்குப் போயிட்டார். பேரு எஸ். ஆர். ரங்கநாதன். பின்னாடி இந்திய நூலகவியலோட தந்தைன்னு பேரெடுத்தவர். நூலகத் துறையில இருக்கறவங்களுக்கு அவர் பேரு அத்துப்படி. வெப் டிசைன் பண்றவங்களுக்குத்தான் தெரியறதில்லை. அவர் உண்டாக்குன சொத்தை நாங்க தினமும் செலவு பண்ணிட்டிருக்கோம், பேரைக் கேட்டா முழிப்போம்.

1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி அவரை நூலகரா நியமிச்சது. போன கொஞ்ச நாள்லயே வேலை பிடிக்கல. வகுப்புல பசங்களோட இருந்தவருக்கு அந்த அமைதி தாங்கல. நான் காலேஜுக்கே திரும்பிடறேன்னு கேட்டார். லண்டன் போய் நூலகப் படிப்பைப் படிச்சுட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலைன்னா பார்க்கலாம்னு அனுப்பி வச்சாங்க.

லண்டன்ல அவர் படிச்ச முறை டூயி முறை. மெல்வில் டூயின்னு ஒரு அமெரிக்கர் 1876ல வெளியிட்டது. உலகத்து அறிவு மொத்தத்தையும் பத்தா வகுத்து, ஒவ்வொண்ணையும் இன்னும் பத்தா வகுத்து, அதையும் பத்தா வகுத்துட்டே போறது. அடிமரம், கிளை, கிளைக்குள்ள கிளை. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான். ஆனா ஒரு புத்தகத்துக்கு ஒரு கிளைதான் கிடைக்கும். பருத்திச் செடிக்கு வர்ற பூச்சியைப் பத்தி ஒரு புத்தகம்னா, அது விவசாயத்துக்குக் கீழயா, பூச்சியியலுக்குக் கீழயா? எங்கயாவது ஒரு இடத்துல கொண்டுபோய் வைக்கணும். இன்னொரு இடத்துல தேடறவன் வெறுங்கையோட திரும்பணும்.

ரங்கநாதனுக்கு இது உறுத்திட்டே இருந்துது. ஒருநாள் லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். ஓட்டை போட்ட தகடு, கம்பி, சக்கரம், நட்டு, போல்ட்டு. அதே சாமான்ல காரும் பண்ணலாம், கிரேனும் பண்ணலாம். அங்கதான் அவருக்குப் பொறி தட்டிச்சு. புத்தகத்துக்கு முன்கூட்டியே ஒரு பெட்டி செஞ்சு வச்சு அதுக்குள்ள அடைக்க வேண்டாம். சின்னச் சின்னப் பாகமா வச்சுக்கலாம், புத்தகத்தைப் பார்த்து அந்தப் பாகங்களைக் கோத்துக்கலாம்னு. அப்படிப் பொறந்ததுதான் 1933ல வெளியான கோலன் பகுப்பு முறை. பாகங்களைக் கோக்க அவர் எடுத்துக்கிட்ட நட்டு போல்ட்டு, முக்காற்புள்ளி. பேரும் அதுலிருந்து வந்ததுதான்.

இதுக்கு நூலகப் பாடத்துல வழக்கமா ஒரு உதாரணம் சொல்வாங்க. 1950கள்ல இந்தியாவுல எக்ஸ்ரே வைச்சு நுரையீரல் காசநோயைக் குணப்படுத்தறது பத்தி நடந்த ஆராய்ச்சி. இதை எந்தக் கிளையில மாட்டறது? ரங்கநாதன் முறையில மாட்ட வேண்டாம், கோத்தாப் போதும். மருத்துவத்துக்கு எல். நுரையீரலுக்கு 45. காசநோய்க்கு 421. சிகிச்சைக்கு 6, எக்ஸ்ரேவுக்கு 253. ஆராய்ச்சிக்கு எஃப், இந்தியாவுக்கு 44, 1950களுக்கு என்5. எல்லாத்தையும் நடுவுல புள்ளி, காற்புள்ளி போட்டு வரிசையா எழுதினா, அந்தப் புத்தகம் எதைப் பத்தினதுங்கறது முழுசா அந்த எண்ணுக்குள்ள வந்துரும். பார்க்கறதுக்கு லாரி சேசிஸ் நம்பர் மாதிரி இருக்கும், அது வேற விஷயம்.

ஒவ்வொரு பொருளுக்கும் அஞ்சு பக்கம் உண்டுன்னு அவர் சொன்னார். எது, எதால ஆனது, என்ன நடக்குது, எங்க, எப்போ. காங்கேயம், கரூர் பக்கம் கிடைக்கிற கல்லுக்குப் பட்டை தீட்டறதைப் பார்த்திருப்பீங்க. ஒரே கல்லு, எந்தப் பட்டை வழியாப் பார்த்தாலும் உள்ள இருக்கறது தெரியும். அதுமாதிரிதான்.

இப்போ அந்தப் பம்புக்குத் திரும்பி வாங்க. எது? சப்மெர்சிபிள். எதால ஆனது? வார்ப்பிரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா. என்ன கரண்டு? சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா. எங்க? நாலு இஞ்சு போரா, ஆறு இஞ்சு போரா, திறந்த கிணறா. எத்தனை அடி, எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ். ஆன்லைன் கடையில செருப்பு வாங்கறப்போ இடதுபக்கம் சைஸ், கலர், விலைன்னு டிக் அடிக்கிறீங்களே, அந்த ஃபில்டர் அத்தனைக்கும் பின்னாடி ஓடறது இந்தக் கணக்கு வாத்தியாரோட யோசனைதான். எங்க பம்ப் சைட்டுல நாங்க பண்ணின தப்பு என்னன்னா, ஒரே ஒரு கிளையைப் போட்டுட்டு, அதுவும் கம்பெனிக்காரங்க கிளையைப் போட்டுட்டு, வர்றவங்களை அதுலயே ஏறுன்னு விட்டது.

ரங்கநாதன் 1931ல எழுதின நூலகவியல் அஞ்சு விதிகள் புத்தகத்துல நாலாவது விதி, வாசகனோட நேரத்தைக் காப்பாத்தறது பத்தினது. வெப்சைட்டுக்காரங்க இதுக்கு இப்போ இங்கிலீஷ்ல பெரிய பெரிய பேரு வச்சு, கருத்தரங்குக்குக் காசும் வாங்கறாங்க.

ரங்கநாதன் நூலகத்துக்குச் சட்டம் வேணும்னு பல வருஷம் அலைஞ்சார். அது மெட்ராஸ் மாகாணத்துல 1948ல பொது நூலகச் சட்டமா வந்தது. அப்போ கல்வி மந்திரி யாருன்னு பார்த்தா, நம்ம தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தை உண்டாக்கினவர். நீங்க கட்டற சொத்துவரியோட நூலக வரின்னு ஒண்ணு சேர்ந்து வருதில்லீங்களா, ரசீதை எடுத்துப் பாருங்க, அதோட வேர் அந்தச் சட்டத்துல இருக்கு.

அதே அவினாசிலிங்கம் 1946ல தமிழ் வளர்ச்சிக் கழகம் ஆரம்பிச்சு, தமிழ்ல கலைக்களஞ்சியம் கொண்டு வரணும்னு இறங்கினார். அதுக்கு முதன்மை ஆசிரியரா உக்காந்தவர் பெ. தூரன். மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசுல பிறந்தவர், அதே வித்யாலயத்துல வாத்தியாரா இருந்தவர். முதல் தொகுதி 1954ல வந்தது, பத்தாவது தொகுதி 1968ல வந்தது.

ஒரு கலைக்களஞ்சியம் எழுதறதுல எது கஷ்டம்னு நினைக்கறீங்க? கட்டுரை எழுதறதுக்கு ஆள் பிடிச்சிடலாமுங்க. எழுதச் சொல்றதுக்கு முன்னாடி தலைப்புப் பட்டியல் போடணும். பருத்தின்னு தனித் தலைப்பா, நெசவுக்குள்ள ஒரு பகுதியா? பருத்திக்குள்ளயே பூச்சியும் வருமா, இல்லை பூச்சின்னு எடுத்துப் பார்க்கச் சொல்லி ஒரு குறிப்புப் போட்டா போதுமா? அகரவரிசைங்கறது அடுக்கிறதுக்கு வசதி, அவ்வளவுதான். எதுக்குத் தனித் தலைப்பு, எதுக்கு இல்லைங்கற முடிவை அகரவரிசை எடுத்துக் கொடுக்காது. அத்தனை தொகுதிக்கும் கம்ப்யூட்டர் கிடையாது, இழுத்து நகர்த்தற பெட்டி கிடையாது. கொங்குநாட்டுக்காரர் ஒருத்தர் தலைமையில நடந்த மிகப் பெரிய சைட்மேப் வேலை எதுன்னு என்னைக் கேட்டா, இதைத்தான் சொல்வேன். இப்போ அது தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துலயே படிக்கக் கிடைக்குது.

சரி, இன்டர்நெட்டுக்கு வருவோம். இதை வேகமாச் சொல்லிடறேன். 1991ல டிம் பெர்னர்ஸ் லீ தன்னோட வெப்பை உலகத்துக்குத் திறந்துவிட்டப்போ, பக்கங்கள் கொஞ்சம்தான். ஒரு லிஸ்ட் போட்டாலே போதும். 1994ல ஸ்டான்ஃபோர்டுல ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோன்னு ரெண்டு மாணவர்கள் அப்படி ஒரு லிஸ்ட் போட்டாங்க. அதுதான் யாஹூ. அதுவும் டூயி மாதிரிக் கிளை கிளையா விரிஞ்ச மரம்தான். எது எந்தக் கிளைக்குப் போகணும்னு முடிவு பண்றதுக்குன்னே ஸ்ரீனிஜா ஸ்ரீனிவாசன்னு ஒரு இந்திய வம்சாவளிப் பெண்ணை வேலைக்கு எடுத்தாங்க. ஆரம்ப காலத்து ஊழியர்கள்ல ஒருத்தர் அவங்க. ஆனா வெப் பெருத்த வேகத்துக்கு மனுசங்க அடுக்கி மாளல. 1998ல கூகுள் வந்து, அடுக்கவே வேண்டாம், தேடிக்கலாம்னுடுச்சு. யாஹூவோட அந்த மரத்தை 2014 கடைசியில மூடிட்டாங்க.

வெப்போட மொத்த மரம் போச்சு, ஒவ்வொரு சைட்டுக்குள்ள இருக்கற மரம் போகல. அங்கதான் இன்னொரு கூட்டம் வந்தது. தகவல் கட்டடக்கலைங்கற பேச்சை ரிச்சர்ட் சால் வர்மன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் 1976லயே எடுத்துட்டார். 1998ல லூயிஸ் ரோசன்ஃபெல்ட், பீட்டர் மோர்வில்னு ரெண்டு பேர் அதை வெப்சைட்டுக்குக் கொண்டு வந்து ஒரு புத்தகம் எழுதினாங்க. அட்டையில வெள்ளைக் கரடி போட்ட புத்தகம், தொழில்ல இருக்கறவங்க அதைக் கரடிப் புத்தகம்னே சொல்வாங்க. ரெண்டு பேரும் நூலகவியல் படிச்சவங்க. அந்தப் புத்தகத்துல ரங்கநாதன் பேரு வருது. அமெரிக்கா சுத்திட்டு அவர் நம்ம தொழிலுக்குத் திரும்பி வந்தது இந்த வழியிலதான்.

பெட்டி போடறதுக்கு ஒரு பொது மொழி அதுவரைக்கும் இல்லை. ஆளாளுக்கு ஒரு மாதிரி வரைஞ்சாங்க. விசியோவுல கொஞ்சம் பேரு, எக்செல்ல செல்லைத் தள்ளித் தள்ளி எழுதறவங்க கொஞ்சம் பேரு. நானே பவர்பாயிண்ட்ல ஆபீஸ் அதிகாரிகள் படம் போடற டெம்ப்ளேட்டை எடுத்து, மேனேஜர் பேரை அழிச்சுட்டு முகப்புன்னு எழுதினவன். 2000ல ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட்னு ஒருத்தர் இதுக்கு ஒரு குறியீட்டு முறை எழுதிக் கொடுத்தார். பக்கம்னா செவ்வகம், ஒரே மாதிரிப் பல பக்கம்னா அடுக்கி வச்ச செவ்வகம், போற வழிக்கு அம்புக்குறி. இன்னைக்கு இருக்கற டூல்கள்ல நீங்க இழுக்கற பெட்டிக்கெல்லாம் பாட்டன் அதுதான்.

முதல்ல சொன்ன அந்த எக்ஸ்எம்எல் சைட்மேப் கூகுளோட வேலை, 2005ல வந்தது. அடுத்த வருஷமே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் அதை ஏத்துக்கிட்டாங்க. ஒரு ஃபைலுக்கு 50,000 முகவரி, 50 எம்பி வரைக்கும் போகலாம். பேரு ஒண்ணா இருக்கறதால, சைட்மேப் போட்டாச்சான்னு ஓனர் கேட்டா, பிளக்இன் போட்டாச்சுங்கன்னு சொல்லித் தப்பிச்சுக்கற டெவலப்பர்கள் இன்னும் இருக்காங்க. அந்தப் பிளக்இன் செய்யறது, கட்டி முடிச்ச வீட்டுக்கு ரூமை எண்ணிச் சொல்றது. பிளான் போடற வேலையை அது செய்யாது.

டூலைப் பத்தி என் அபிப்பிராயம் சொல்லணுமில்லீங்களா. அதால நல்ல உபகாரம் இருக்கு, மறுக்கல. பழைய சைட்டோட முகவரியைக் கொடுத்தா, அதுவே எல்லாப் பக்கத்தையும் நடந்து பார்த்து மரமா வரைஞ்சு கொடுத்துடும். ஒரே பக்கம் மூணு இடத்துல இருக்கறதும், எங்கிருந்தும் வழியில்லாம அநாதையா ஒரு பக்கம் கிடக்கறதும் அப்பத்தான் கண்ணுல படும். ஓனர் வீட்டுல உக்காந்துக்கிட்டே, இந்தப் பெட்டி வேண்டாம்னு குறிப்பு எழுதலாம். டிசைன் முடிஞ்ச பிறகு ஒரு பக்கத்தை நகர்த்தறதுக்கு ஒரு வாரம் ஆகும். பெட்டியை நகர்த்தறதுக்கு ஒரு செகண்டு. இந்த ஒரு காரணத்துக்கே காசு கொடுக்கலாம்.

ஆனா இப்போ ஏஐ வந்த பிறகு, பம்ப் கம்பெனின்னு ஒரு வரி கொடுத்தா அதுவே மரம் போட்டுக் கொடுக்குது. போட்டுப் பார்த்தேன். முகப்பு, எங்களைப் பற்றி, தயாரிப்புகள், செய்திகள், தொடர்புக்கு. இதையே கிரைண்டர் கம்பெனின்னு கேட்டேன், திருப்பூர் பனியன் எக்ஸ்போர்ட்டுன்னு கேட்டேன். அதே அஞ்சு பெட்டி, பேரு மட்டும் வேற. எழுநூறு அடி போர் அதுல எங்கயும் இல்லை.

நடுவுல ஒரு சமாச்சாரம். தமிழ்ல சைட்டு போடறவங்களுக்கு மட்டும். 2010 ஜூன்ல நம்ம கொடிசியாவுல செம்மொழி மாநாடு நடந்தப்போ தமிழ் இணைய மாநாடும் கூடவே நடந்தது ஞாபகம் இருக்கும். தமிழக அரசு யுனிகோடை ஏத்துக்கிட்டதும் அந்தச் சமயத்துலதான். இன்னைக்குப் பக்கத்தோட முகவரியையே தமிழ்ல வைக்கலாம். வைக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுக்கோங்க. தமிழ்ல ஒவ்வொரு யுனிகோட் குறியும் மூணு பைட். முகவரியை வாட்ஸாப்புல ஒட்டினா ஒரு பைட்டு மூணு எழுத்தாகி, சதவீதக் குறியோட விரியலாம். கோவைங்கற பேருக்குள்ள யுனிகோட் குறி நாலு, விரிஞ்சா 36 எழுத்து. மரத்துல மூணு தட்டு ஆழம் போனீங்கன்னா லிங்க் வால் மாதிரி நீளும். அதனால தமிழ் சைட்டுக்கு மரம் அகலமா, ஆழம் கம்மியா இருக்கட்டும்.

இந்த மரம் அடுக்கற வேலையையே தொழிலாக்கின கம்பெனியும் நம்ம ஊர்ல இருக்கு. கோவை டாட் கோ. அவங்களோட டாக்குமெண்ட்360ங்கற மென்பொருள், கம்பெனிகளோட உதவிக் குறிப்புகளைப் பிரிவு, உட்பிரிவுன்னு அடுக்கி வைக்கிறதுக்கானது. உலகம் பூரா விக்கிறாங்க.

கடைசியா, அந்தச் சார்ட் பேப்பர். ரெண்டாவது தடவை நாங்க எடுத்த எடுப்புல டூலைத் திறக்கல. முதல்ல ஓனர்கிட்ட, அண்ணா, போன் எடுக்கற அம்மாவை ஒரு நாள் எங்ககூட உக்கார வைங்கன்னு கேட்டோம். காயில் கட்டற மெக்கானிக் ஒருத்தர், டீலர் ரெண்டு பேர் வந்தாங்க. பக்கத்துக்கு ஒரு சீட்டுன்னு கொடுத்து, எது எதோட சேரும்னு நீங்களே அடுக்குங்கன்னு விட்டுட்டோம். இதுக்குக் கார்டு சார்ட்டிங்னு பேரு, சீட்டாட்டம்னும் சொல்லலாம். மெக்கானிக் அண்ணன் சீட்டைக் கையில வாங்கின உடனே சிரிச்சுட்டார். "ஏந்தம்பி, போர் எத்தனை அடி, எத்தனை இஞ்சுன்னு கேக்காம மோட்டாரைக் காட்டுனா என்ன புண்ணியம்?"ன்னு கேட்டார். விருதுகள் சீட்டை எடுத்து என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டார். போன் எடுக்கற அம்மா, சீட்டுல இல்லாத ஒண்ணை அவங்களே எழுதி ஒட்டினாங்க: மோட்டார் ஓடுது, தண்ணி வரல.

அந்த அடுக்கைத்தான் அப்புறம் டூல்ல ஏத்தினோம். இப்போ சைட்டுல முதல் பெட்டி, உங்க போர் எத்தனை அடி. ரெண்டாவது, தண்ணி வரலையா. நிறுவனர் வரலாறு அஞ்சாவதாப் போயிருக்கு. அதுக்கு ஓனரைச் சம்மதிக்க வைக்கறதுக்குத்தான் ரெண்டு வாரம் ஆச்சு.

நீங்க உங்க கடைக்கோ, மில்லுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ சைட்டு போடறதா இருந்தா, டூல் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் உங்க போனுக்கு வர்ற கேள்விகளை ஒரு நோட்டுல எழுதி வைங்க. கேக்கறவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க, திருத்தாதீங்க. அந்த நோட்டை எடுத்துக்கிட்டு அப்புறம் முதல் பெட்டியைப் போடுங்க.